செட்டை உடைப்பதா, ஒரே மூச்சில் முடிப்பதா?

ஸ்குவாட்டில், அதாவது எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதில், ஒரு செட்டுக்கு ஐந்து ரெப் (தொடர்ந்து ஐந்து முறை) என்று நோட்டில் எழுதியிருக்கிறது. முதல் மூன்றும் ஒழுங்காக வருகின்றன. நான்காவதில் இடுப்பு முந்திக்கொண்டு மேலே போகிறது, மார்பு பின்தங்கிவிடுகிறது. ஐந்தாவதில் முதுகுதான் பாரத்தைச் சுமந்து எழுகிறது. நோட்டில் ஐந்து என்று டிக் விழும். தொடைக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று, மிஞ்சிப்போனால் மூன்றரை.

அந்தக் கடைசி இரண்டு ரெப்பை என்ன செய்வது? எடையைக் குறைக்கலாம். மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம். அல்லது மூன்றாவது ரெப்புக்கு அப்புறம் பாரை (எடை மாட்டிய கம்பியை) அதன் தாங்கியான ரேக்கில் வைத்து, 20 நொடி மூச்சு வாங்கி, மீதி இரண்டை எடுக்கலாம். இந்த நான்காவது வழிக்குத்தான் கிளஸ்டர் செட் என்று பெயர். ஒலிம்பிக் பாணி பளுதூக்குபவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது. 2003-இல் கிரெகரி ஹாஃப் குழுவினர் கிளீன் புல் (பாரைத் தரையிலிருந்து வேகமாக மேலே இழுப்பது) பயிற்சியில் பாரின் வேகத்தை அளந்து வெளியிட்ட பிறகு ஆய்வுக்கூடங்களும் இதை விடாமல் துருவத் தொடங்கின. இன்று வலுப் பயிற்சி, முதியோர் உடற்பயிற்சி, காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு என எல்லா இடத்திலும் இந்தப் பெயர் அடிபடுகிறது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளஸ்டர் செட் கூடுதல் தசையைத் தராது. அது தருவது ஒன்றே ஒன்றுதான்: அதே எடையில் கெடாத ரெப். அதனால் தேர்வு செய்யும்போது கேட்கவேண்டிய கேள்வி "எது சிறந்தது" என்பதல்ல. "என் செட்டின் கடைசியில் எது கெடுகிறது, அது கெடுவதால் எனக்கு நஷ்டமா லாபமா" என்பதுதான். சிலருக்கு அந்தக் கெடுதலே தேவைப்படுகிறது. அவர்கள் செட்டை உடைத்தால் காரியம் கெட்டுவிடும்.

ஒரே வேலை, மூன்று பிரிப்பு

ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். ஒருவரால் ஸ்குவாட்டில் ஒரே ஒருமுறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை 100 கிலோ. அவர் இன்று 85 கிலோவில் மொத்தம் 20 ரெப் எடுக்கப்போகிறார்.

வழக்கமான முறையில் ஐந்து ரெப்பாக நான்கு செட், நடுவே 3 நிமிட ஓய்வு. மூன்று இடைவெளி, ஆக மொத்த ஓய்வு 540 நொடி. 85 சதவீத எடையில் ஐந்து ரெப் என்பது பெரும்பாலானவர்களுக்கு எல்லையை ஒட்டிய வேலை. முதல் செட் வந்துவிடும். நான்காவது செட்டின் நிலைமை என்ன என்பது அதை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அசல் கிளஸ்டரில் அதே நான்கு செட், அதே 3 நிமிட ஓய்வு. ஆனால் ஒவ்வொரு செட்டும் 2, 2, 1 என்று உடைகிறது. துண்டுகளுக்கு நடுவே 20 நொடி. செட்டுக்கு 40 நொடி கூடுகிறது, நான்கு செட்டுக்கு 160 நொடி. மொத்த ஓய்வு 700 நொடி ஆகிவிட்டது. இங்கே நீங்கள் நேரத்தைக் கொடுத்துத் தரத்தை வாங்குகிறீர்கள்.

ஓய்வைப் பங்கிடும் முறையில் ஒரு நொடியும் கூடாது. இரண்டு ரெப்பாகப் பத்து செட், நடுவே 60 நொடி. ஒன்பது இடைவெளி, அதே 540 நொடி. நீளமான ஓய்வைச் சில்லறையாக மாற்றிக்கொண்டது மட்டும்தான் வித்தியாசம். பலரும் இதையும் கிளஸ்டர் என்றே சொல்கிறார்கள். பேச்சு வழக்கில் தப்பில்லை. ஆனால் யாராவது "கிளஸ்டர் செய்தால் நேரம் மிச்சம்" என்றோ "நேரம் இழுக்கும்" என்றோ சொன்னால், எந்தக் கிளஸ்டர் என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ரெஸ்ட் பாஸ் என்று இன்னொன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கிளஸ்டரின் தம்பி மாதிரி இருக்கும். நோக்கம் நேர் எதிர். முடியவே முடியாது என்ற நிலைவரை தூக்கி, 20 நொடி நின்று, மறுபடியும் முடியாத நிலைவரை போவது. கிளஸ்டர் களைப்பைத் தள்ளிப்போட ஓய்வெடுக்கிறது. ரெஸ்ட் பாஸ் களைப்பை இன்னும் ஆழமாகத் தோண்டுவதற்காக ஓய்வெடுக்கிறது. இரண்டிலும் 20 நொடி நிற்பதால் ஒன்று என்று நினைத்து, முழங்கால் அறுவை முடிந்தவருக்கு ரெஸ்ட் பாஸ் கொடுத்துவிடக் கூடாது.

20 நொடியில் அப்படி என்ன நடக்கிறது?

கனமான எடையைத் தூக்கும்போது தசை முதலில் கை வைப்பது பாஸ்போகிரியேட்டின் என்ற சக்திச் சேமிப்பில்தான். முழு முயற்சியில் அது சுமார் 10 நொடியில் பெருமளவு கரைந்துவிடும். நல்ல விஷயம், அது திரும்ப நிரம்புவதும் வேகமாகத்தான். இழந்ததில் ஏறக்குறைய பாதி, முதல் அரை நிமிடத்துக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. முழுதாக நிரம்ப 3 முதல் 5 நிமிடம் வரை ஆகும். முதல் 20, 30 நொடிதான் ஓய்வின் மலிவான பகுதி. அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நொடிக்கும் வரவு குறைந்துகொண்டே போகிறது. கிளஸ்டர் என்ற யோசனை முழுக்க இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

2012-இல் கோரோஸ்தியாகா குழுவினர் லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் பயிற்சி) செய்தவர்களின் தொடைத் தசையிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். பத்து ரெப்பாக ஐந்து செட் ஒரு நாள், அதே எடையில் ஐந்து ரெப்பாகப் பத்து செட் இன்னொரு நாள். மொத்த வேலை ஒன்றுதான். பத்துப் பத்தாகச் செய்த நாளில் பாஸ்போகிரியேட்டின் கிட்டத்தட்டக் காலியாகி, தசையின் அடிப்படை எரிபொருளான ஏடிபியும் சரிந்திருந்தது. ஐந்தைந்தாகச் செய்த நாளில் அந்த அளவு பஞ்சம் வரவில்லை. கடுமையாக உழைக்கும் தசை வெளியிடும் லாக்டேட்டும் இரத்தத்தில் குறைவு.

வெளியே தெரிவது வேகத்தில். செட் நீள நீள ஒவ்வொரு ரெப்பும் மெதுவாகிறது. உடைத்த செட்டில் அந்தச் சரிவு குறைகிறது. உடனடி விளைவைப் பொறுத்தவரை ஆய்வுகளுக்குள் பெரிய சச்சரவு இல்லை. வேகம், பவர் (வலுவை வேகமாக வெளிப்படுத்தும் திறன்) இரண்டும் காக்கப்படுகின்றன, லாக்டேட் குறைகிறது, "எவ்வளவு கஷ்டமாக இருந்தது" என்று கேட்டால் குறைவான எண்ணே வருகிறது. சச்சரவு வருவதெல்லாம் சில மாதம் கழித்து என்ன மிஞ்சுகிறது என்பதில்தான்.

வலுவுக்கு எது?

இங்கே மூன்று ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்றை மட்டும் படித்தவர்கள்தான் இரு பக்கமும் அடித்துப் பேசுகிறார்கள்.

1994-இல் ரூனி, ஹெர்பர்ட், பல்னேவ் மூவரும் பயிற்சி இல்லாதவர்களுக்கு 6 வாரம் முழங்கை மடக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு நிற்காமல் தூக்கியது. மற்றது ஒவ்வொரு ரெப்புக்கும் நடுவே 30 நொடி நின்றது. நிற்காத குழுவின் வலு சுமார் 56 சதவீதம் ஏறியது, நின்ற குழுவுக்கு சுமார் 41. களைப்பும் மருந்தின் ஒரு பகுதிதான் என்ற வாதம் இங்கிருந்துதான் வருகிறது. 2002-இல் ஃபோலண்ட் குழுவினர் முழங்கால் நீட்டும் பயிற்சியில் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். பத்து ரெப்பாக நான்கு செட் ஒரு பக்கம்; ஒவ்வொரு ரெப்புக்கும் நடுவே 30 நொடி விட்டு 40 ரெப் மறுபக்கம். 9 வாரம் கழித்து இரு குழுவும் வலுவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. 2013-இல் ஆலிவர் குழுவினர் ஏற்கெனவே பயிற்சி உள்ள ஆண்களை 12 வாரம் பார்த்தார்கள்: பத்து ரெப்பாக நான்கு செட், 2 நிமிட ஓய்வு, அல்லது ஐந்து ரெப்பாக எட்டு செட், 1 நிமிட ஓய்வு. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை மேலே தள்ளுவது) இரண்டிலும் உடைத்த குழுவே முந்தியது. தசை அளவு கூடியது இரண்டிலும் ஒத்த அளவில்தான்.

ஒன்றில் உடைக்காதவர் ஜெயித்தார், ஒன்றில் சமம், ஒன்றில் உடைத்தவர் ஜெயித்தார். 2021-இல் வெளியான தொகுப்பாய்வுகள் இவை போன்ற பலவற்றைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, வலுவிலும் தசை வளர்ச்சியிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்ற இடத்துக்குத்தான் வந்தன.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ஆய்வுக்கூடத்தில் நியாயமான ஒப்பீடு வேண்டும் என்பதற்காக எடையையும் ரெப்பையும் இரு குழுவுக்கும் சமமாக வைத்துவிடுகிறார்கள். ஜிம்மில் யாரும் அப்படிச் செய்வதில்லை. செட்டை உடைப்பதே, அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு எடையைக் கூட்டத்தான். நமது ஆள் 85 கிலோவை நேராக ஐந்து எடுக்கத் திணறுகிறார். 2, 2, 1 என்று உடைத்தால் 88, 90 கிலோவிலும் ஐந்து ரெப் சேர்ந்துவிடும். அதிக எடையைப் பலமுறை தொடுவது வலுவுக்குப் பயிற்சி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆக, அதே எடையில் உடைத்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. உடைத்துவிட்டு எடையைக் கூட்டினால்தான் உடைத்ததற்கு அர்த்தம்.

யாருக்கு இது தேவைப்படும்? பல வருடம் தூக்கியவர், ஒரே எடையில் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்பவர், போட்டிக்குத் தயாராகிறவர். புதிதாகச் சேர்ந்தவருக்கு வழக்கமான செட்டே போதும். அவர் எதைச் செய்தாலும் வலு ஏறும் காலம் அது. அதில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது வீண் வேலை. ஒரே விதிவிலக்கு, கிளீன், ஸ்னாட்ச் போன்ற நுணுக்கமான தூக்கல்களைக் கற்றுக்கொள்பவர். களைத்த உடம்பு தப்பான அசைவைத்தான் பழகிக்கொள்ளும்; அவருக்கு ஒன்று, இரண்டு ரெப்பாகப் பிரித்துக் கொடுப்பதே சரி.

வேகத்துக்கும் பவருக்கும் அதிகம் யோசிக்கவே வேண்டாம், உடைப்பதுதான். ஜம்ப் ஸ்குவாட்டின் ஆறாவது ரெப்பில் கால் தரையை விட்டு எழும்பவே மறுத்தால், அதைப் பவர் பயிற்சி என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

தசை அளவுதான் குறி என்றால்

இங்கே கணக்கு மாறுகிறது. 2017-இல் பரேஹா பிளாங்கோ குழுவினர் 8 வாரம் ஸ்குவாட் பயிற்சி கொடுத்து, ஒரு குழுவை ரெப்பின் வேகம் 20 சதவீதம் குறைந்ததும் செட்டை நிறுத்தச் சொன்னார்கள். மற்றதை 40 சதவீதம் குறையும்வரை விட்டார்கள். முதல் குழு எடுத்த மொத்த ரெப் சுமார் 40 சதவீதம் குறைவு. ஆனாலும் வலு சமமாக ஏறியது, குதிக்கும் உயரம் அவர்களுக்கே கூடுதலாக ஏறியது. தொடை பருத்ததோ இரண்டாவது குழுவுக்கு. கூடவே அவர்களுடைய தசையில் மிக வேகமான இழைகளின் பங்கு குறைந்திருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: தசை பெருக்க விரும்புகிறவருக்குக் கடைசி சில ரெப்பின் எரிச்சல் தேவையான செலவு. அதைக் கிளஸ்டர் போட்டுத் தவிர்த்தால், தவிர்த்த அளவுக்கு வேறு இடத்தில் ரெப்பைக் கூட்டிச் சரிக்கட்டவேண்டும். பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை. சுலபமாக இருந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நேரம் குறைவு, தசைதான் வேண்டும் என்பவருக்கு ரெஸ்ட் பாஸ் பொருத்தம். 2019-இல் வெளியான 6 வார ஆய்வொன்றில், மொத்த ரெப்பைச் சமமாக வைத்தும் ரெஸ்ட் பாஸ் குழுவுக்குத் தொடைத் தடிமனும் தாக்குப்பிடிக்கும் திறனும் வழக்கமான குழுவைவிட அதிகம் கூடின. வலு ஏறியது ஒரே அளவில்தான். ஆனால் மூட்டு நன்றாக இருக்கிற, அசைவு கையில் படிந்துவிட்டவருக்குத்தான் அது. மெஷினில் செய்வது பத்திரம். பாரைத் தோளில் வைத்துக்கொண்டு ரெஸ்ட் பாஸ் விளையாடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இரத்த அழுத்தம், மூச்சு, வயது

1985-இல் மக்டூகல் குழுவினர் பாடிபில்டர்களின் கைத் தமனியில் குழாய் செருகி, கனமான தூக்கலின்போது இரத்த அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். இரு கால் லெக் பிரஸ்ஸில் முடியாத நிலைவரை போனபோது சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. அச்சுப்பிழை இல்லை. அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். சில நொடிக்குள் அது இறங்கியும் விட்டது. ஆனால் அந்த எண்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன என்பதைக் கவனிக்கவேண்டும். செட்டின் முதல் ரெப்பிலேயே உச்சம் வரவில்லை. ரெப்புக்கு ரெப் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குகிற கடைசிக் கட்டத்தில்தான் வந்தது.

அதனால் இரத்த அழுத்தம் உள்ளவர், முதியவர், இதய நோயிலிருந்து மீண்டு மருத்துவரின் அனுமதியோடு பயிற்சிக்கு வருபவர் ஆகியோருக்கு நீளமான செட்டின் வால் பகுதியே ஆபத்தான பகுதி. அதை வெட்டிவிட இரண்டு வழி உண்டு. ஒன்று கிளஸ்டர். இன்னொன்று யாரும் பேசாதது: 12 ரெப் முடிகிற எடையில் எட்டோடு நிறுத்திவிடுவது. இந்த இரண்டாவது வழிக்குக் கடிகாரமும் வேண்டாம், புதுப் பெயரும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் வயது வந்தோருக்குச் சொல்வது வாரம் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. அதை நிறைவேற்ற நினைக்கிற சாதாரண ஆளுக்கு மிதமான எடை, எல்லைக்கு நான்கு ரெப் முன்பே நிறுத்தம், இயல்பான மூச்சு, இவ்வளவு போதும். ஆரோக்கியம் என்ற பெயரில் எல்லோருக்கும் கிளஸ்டரைப் பரிந்துரைப்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கிளஸ்டர் இங்கே எப்போது உள்ளே வருகிறது என்றால், எடையைக் குறைக்கவும் கூடாது, களைப்பும் ஏறக்கூடாது என்ற நிலையில். எலும்பு அடர்த்தி குறைந்துவிட்ட முதியவர் ஒரு உதாரணம். எலும்புக்குக் கொஞ்சம் கனமான சுமை வேண்டும். உடம்போ எட்டு ரெப் தொடர்ந்து தாங்காது. இரண்டிரண்டாகப் பிரித்தால் இரண்டு தேவையும் ஒரே இடத்தில் நிறைவேறுகிறது. வயதாக ஆக வலுவைவிட வேகமாகக் குறைவது பவர். நாற்காலியிலிருந்து சட்டென்று எழுவதும், தடுக்கினால் காலை முன்னால் வைத்துச் சமாளிப்பதும் அதைப் பொறுத்தவை. 2018-இல் வயதான பெண்களிடம் 12 வாரம் வேகமாகத் தூக்கும் பயிற்சியில் இரு முறையையும் ஒப்பிட்டபோது, அன்றாட இயக்கம் சார்ந்த சில சோதனைகளில் கிளஸ்டர் குழு முந்தியது. வியப்பில்லை. வேகமாக எழ வேண்டும் என்று சொல்லிவிட்டு எட்டு ரெப்பையும் தொடர்ந்து வாங்கினால், கடைசி நான்கு மெதுவான ரெப்பாகத்தான் இருக்கும்.

பயிற்சி முடிந்த பிறகும் ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஸ்பெயினின் ஆ கொருன்யா பல்கலைக்கழகத்தில் இக்லேசியாஸ் சோலெர் குழுவினர் செய்த ஆய்வுகளில், நீளமான செட்டை எல்லைவரை இழுத்தவர்களுக்கு இதயத் துடிப்பை அமைதிப்படுத்தும் நரம்புக் கட்டுப்பாடு அதிகம் குறைந்திருந்தது. அதே வேலையைச் சிறு துண்டுகளாகச் செய்தபோது அந்தக் குறைவு சிறிதாக இருந்தது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்குத் தசை ஓய்வதற்கு முன்பே மூச்சு ஓய்ந்துவிடும். அவர்கள் யாரும் சொல்லித்தராமலேயே செட்டின் நடுவில் நின்றுவிடுவார்கள். அதைத் தோல்வியாகப் பார்க்காமல் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டால் மனதுக்கும் நல்லது.

கண் விழித்திரைக் கோளாறு, தமனி வீக்கம், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், சமீபத்தில் செய்த வயிற்று அறுவை, இவை இருந்தால் எந்த முறை என்ற கேள்வியே பிறகுதான். கனமாகத் தூக்கலாமா என்பதை முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். செட்டை உடைத்தாலும் முதல் ரெப்பின் முக்கல் முக்கல்தான்.

காயத்திலிருந்து மீளும்போது

கிளஸ்டர் செட் தன் பெயரைக் காப்பாற்றுவது என் கணக்கில் இங்கேதான். ஆனால் இங்கேயும் எல்லாக் காயத்துக்கும் அல்ல.

முழங்கால் அறுவைக்குப் பிறகு தொடையின் முன்தசை சோம்பிக் கிடக்கும். மூட்டு வீங்கியிருக்கும்வரை அந்தத் தசைக்குப் போகிற நரம்புக் கட்டளையே முடக்கப்படுகிறது. மனம் நினைத்தாலும் தசை முழுதாக விழிக்காது. இப்படி ஒருவரை லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் உட்காரவைத்து எட்டு ரெப் வாங்கிப் பாருங்கள். மூன்றுவரை கால் நேராக எழும். நான்காவதில் பின்புறம் இருக்கையிலிருந்து லேசாகத் தூக்கும். ஐந்தாவதில் உடம்பு பின்னால் சாயும், கைகள் பிடியை இறுக்கும். ஆறாவதில் கடைசிச் சில டிகிரி நீட்டல் காணாமல் போயிருக்கும். எந்தக் கோணம் திரும்பவேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறோமோ, அதே கோணம். அதே எட்டை 3, 3, 2 என்று, நடுவே 30 நொடி விட்டு வாங்கினால் எட்டிலும் கால் முழுதாக நீளும். எடை மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை. தசைக்குப் போன வேலை மாறிவிட்டது.

இதில் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு தந்திரமும் உண்டு. ஒரு கால் ஓய்வெடுக்கிற 30 நொடியில் மறுகால் வேலை செய்யட்டும். காயம்பட்ட கால் மூன்று, நல்ல கால் மூன்று, மறுபடி காயம்பட்ட கால் மூன்று. கடிகாரமும் தேவையில்லை, நல்ல கால் இளைக்கவும் இல்லை.

தசைநாண் வலிக்கு நான் இவ்வளவு உற்சாகம் காட்டமாட்டேன். குதிகால் தசைநாணுக்கு ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வகுத்த முறை 15 ரெப்பாக மூன்று செட், முழங்காலை நீட்டியும் மடக்கியும், நாளுக்கு இருமுறை, 12 வாரம். நாளுக்கு 180 ரெப். அங்கே வேலை செய்வது சுமை, அது தங்கும் நேரம், நாள் தவறாமை. வேகம் முக்கியமே இல்லை, மெதுவாக இறக்குவதுதான் விஷயம். வலி தொடர்ந்து 15 எடுக்க விடவில்லை என்றால் 5, 5, 5 என்று பிரித்து ஆரம்பிக்கலாம். தொடர்ந்து எடுக்க முடிந்ததும் பிரிப்பைத் தூக்கிப்போட்டுவிடலாம். அதற்கு மேல் அங்கே கிளஸ்டருக்கு வேலை இல்லை. வலியை அளக்க அந்தத் துறையில் பழக்கத்தில் உள்ள ஒரு கோடு உதவும்: 10-க்கு 5 வரை வலி பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலைக்குள் அது அடங்கியிருக்கவேண்டும். அடங்கவில்லை என்றால் தப்பு ஓய்வு இடைவெளியில் இல்லை, சுமையில்.

விளையாட்டுக்குத் திரும்பும் கடைசிக் கட்டத்தில் எதிர்ப்பக்கமும் பார்க்கவேண்டும். ஆட்டத்தில் யாரும் 20 நொடி ஓய்வு தரப்போவதில்லை. களைத்த காலிலும் முழங்கால் உள்ளே சாயாமல் நிற்கப் பழகவேண்டும். அந்தக் கட்டத்தில் நீளமான செட்டுகள் திரும்ப வரவேண்டும். தொடக்கத்தில் காப்பாற்றிய முறையையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பவர், களைப்புக்குப் பழகாத காலோடு மைதானத்துக்குப் போகிறார்.

கையில் எடுக்கும்போது

எல்லாப் பயிற்சியும் உடைக்க வசதியானவை அல்ல. டெட்லிஃப்ட் தானாகவே உடையும். பார் தரையில்தான் இருக்கிறது, கையை எடுத்தால் போதும். மெஷின்களும் அப்படியே. பெஞ்ச் பிரஸ்ஸில் ஒவ்வொரு துண்டுக்கும் பாரைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தோள் வீணாகக் களைக்கும். மோசமானது ஸ்குவாட். உடைக்கும் ஒவ்வொரு முறையும் பாரை எடுத்து, இரண்டடி பின்னால் நடந்து, காலைச் சரிசெய்து நிற்கவேண்டும். நமது ஆளின் நான்கு செட்டில் வழக்கமாக 4 நடை, 2, 2, 1 கிளஸ்டரில் 12 நடை, பத்து செட் பங்கீட்டில் 10 நடை. 85 கிலோவைத் தோளில் வைத்து நடப்பதும் வேலைதான். அந்த 20 நொடியிலும் பாரை வைக்கவும் எடுக்கவும் போக மிஞ்சுவது 10, 12 நொடிதான். அதனால் ஸ்குவாட்டுக்கு 30 நொடி என்று வைத்துக்கொள்வதும், ஒரு செட்டை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்காமல் இருப்பதும் புத்திசாலித்தனம். 3, 2 போதும்.

ஓய்வு நேரத்தை மனதுக்குள் எண்ணாதீர்கள். களைத்த ஆளின் 20 நொடி எப்போதும் 40 ஆகிவிடும். போனில் டைமரைப் போட்டு எதிரில் வைத்துவிடுங்கள்.

எங்கே உடைப்பது என்பதற்கு வேகமானி கருவியெல்லாம் கட்டாயமில்லை. இருந்தால் நல்லது, 20 சதவீத வேகக் குறைவைக் கோடாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு செட்டைப் பக்கவாட்டிலிருந்து போனில் படமெடுத்துப் பாருங்கள். எந்த ரெப்பில் பார் முதன்முதலாகத் தயங்குகிறதோ, அதற்கு முந்தைய ரெப்போடு துண்டை முடித்துவிடுங்கள். நான்காவதில் தயங்கினால் மூன்று ரெப் துண்டு. இரண்டாவதிலேயே தயங்கினால் உடைப்பதல்ல தீர்வு, எடை அதிகம்.

ஒரு பயிற்சி நாளில் முதலில் வரும் பெரிய தூக்கல் ஒன்றை மட்டும் உடைத்துவிட்டு, பின்னால் வரும் சிறிய பயிற்சிகளை வழக்கமான செட்டாகவே எடுக்கலாம். வலுவுக்கு உடைத்த செட், தசைக்கு உடைக்காத செட், இரண்டும் ஒரே நாளில் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் கிளஸ்டராக்கியவர்கள் ஒன்றரை மணிநேரம் ஜிம்மில் நின்று, அதில் பாதியை டைமரைப் பார்ப்பதில் கழிக்கிறார்கள்.

முன்னேற்றத்துக்கு இரண்டு கைப்பிடி இருக்கிறது: எடை, ஓய்வு. இரண்டையும் ஒரே வாரத்தில் திருகாதீர்கள். வலு தேடுகிறவர் ஓய்வை அப்படியே விட்டு எடையைக் கூட்டட்டும். மறுவாழ்வில் இருப்பவர் எடையை அப்படியே விட்டு ஓய்வை 30-லிருந்து 20-க்கும், 20-லிருந்து 10-க்கும் இறக்கட்டும். 10 நொடி ஓய்விலும் எட்டாவது ரெப் முதல் ரெப் மாதிரியே வந்தால், அடுத்த முறை அந்த எடையில் எட்டையும் நிறுத்தாமல் எடுத்துப் பார்க்கலாம். வந்துவிட்டால் எடையை ஒரு படி கூட்டி, மறுபடி 30 நொடியிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.